வேடு கட்டிய போத்தல்

நுளம்பு வேறு, கொசு வேறு என்பது நம்மவர் பேச்சு வழக்கு. தமிழகத்தார் கொசு என்று சொல்வது நம்முடைய நுளம்பை. நமக்கோ கொசு என்பது, பழுத்த கதலியின் மேலும் வெட்டி வைத்த மாம்பழத்தின் மேலும் புகை போல எழும்பி, கையை வீசினால் கலைந்து, கை ஓய்ந்ததும் திரும்பி வந்து குந்துகின்ற அந்தச் சிறிய ஈ. இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் நீளம். சிவந்த கண்கள். கடிக்காது, குத்தாது. ஆயினும் ஒரு பலாச்சுளையை நிம்மதியாகத் தின்ன விடாது. இலக்கியத் தொடர் ஒன்றிலே இதற்கு என்ன இடம் என்று நேயர்கள் சிலர் நினைக்கக்கூடும். இதன் கதையிலே ஹோமர் வருகிறார், ஒரு கவிஞர் வருகிறார், சிறைச்சாலையும் வருகிறது என்பதை மட்டும் முற்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

குசினியிலே கொசு மொய்க்கும்போது எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றே. 'நேற்று ஒன்றுகூட இல்லையே, இவ்வளவும் எங்கிருந்து வந்தன?' யன்னல் பூட்டியிருந்தது, கதவு சாத்தியிருந்தது, பழம் மட்டுமே தட்டிலே இருந்தது. ஆகவே பழத்திலிருந்துதான் அவை பிறந்திருக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது. கொசுவை விரட்டிய வரலாறு உண்மையில் இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறுதான். விடையைத் தவறாகக் கண்டவர்கள் கொசுவை விரட்டுவதிலும் தோற்றுப் போனார்கள்.

முதலில் எழுத்திலே விடை தந்தவர்களில் ஒருவர் அரிஸ்டோட்டில். கிறிஸ்துவுக்கு முன் நாலாம் நூற்றாண்டிலே விலங்குகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் ஐந்தாம் பாகத்தில், வினாகிரியின் அடியில் படியும் வண்டலிலே புழுக்கள் உண்டாகின்றன, அவற்றிலிருந்து இச்சிறு ஈ தோன்றுகிறது என்று குறித்துள்ளார். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிக்க மாட்டேன். புழு முந்தியது, ஈ பிந்தியது என்பதை அவர் சரியாகவே கண்டிருக்கிறார். வினாகிரிக்கும் இந்த ஈக்கும் உள்ள உறவையும் கண்டிருக்கிறார். அவர் காணாதது ஒன்றே: முட்டை. அரை மில்லிமீற்றர் அளவேயான வெள்ளை முட்டையை வெறுங்கண்ணால் பழத்தின் மேல் கண்டுபிடிக்க யாரால் முடியும்?

நம் பக்கத்திலும் இதே எண்ணம் நிலவியது. உயிர்களின் நால்வகைத் தோற்றத்தைச் சைவ நூல்களிலே நம்மிற் பலர் சிறு வயதில் மனனம் செய்திருக்கிறோம். முட்டையிற் பிறப்பன அண்டசம், வேர்வையிற் பிறப்பன சுவேதசம், நிலத்தைப் பிளந்து தோன்றுவன உற்பிச்சம், கருப்பையிற் பிறப்பன சராயுசம். பேனையும் புழுவையும் இவைபோன்ற சிற்றுயிர்களையும் வேர்வையிலும் ஈரத்திலும் பிறப்பனவாகவே நம் முன்னோர் வகுத்தனர். கிரேக்கரும் நம்மவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பிரதி பண்ணினார்கள் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒரே குசினியை இருவரும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்த எண்ணம் இரண்டாயிரம் ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதை அசைத்தவர் ஒரு கவிஞர் என்பதிலே எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

பிரான்செஸ்கோ ரெடி இத்தாலியில் 1626ஆம் ஆண்டிலே பிறந்தவர். புளோரன்சிலே மெடிசிப் பிரபுக்களின் அரண்மனை வைத்தியர். இத்தாலிய மொழிக்கு அகராதி தொகுத்த கழகத்தில் உறுப்பினர். 1685இல் அவர் வெளியிட்ட நெடும்பாட்டு ஒன்று, மதுவின் தெய்வம் தஸ்கனி நாட்டு வைன் வகைகளை ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பாடுவதாக அமைந்தது. அதனால் இத்தாலிய இலக்கிய வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. இந்த மனிதர்தான் 1668இல் பூச்சிகளின் பிறப்புப் பற்றிய தமது பரிசோதனைகளை நூலாக வெளியிட்டார்.

அவர் செய்தது மிக எளிய காரியம். அகன்ற வாயுள்ள போத்தல்களிலே பாம்பு, ஆற்று மீன், விலாங்கு, கன்றின் இறைச்சி ஆகியவற்றைப் போட்டு வாயை இறுக மூடினார். அதே பண்டங்களை வேறு போத்தல்களிலே போட்டுத் திறந்து வைத்தார். திறந்தவற்றிலே ஈ மொய்த்தது, புழு வந்தது. மூடியவற்றிலே அழுகல் மட்டுமே, புழு இல்லை. 'காற்றை அடைத்துவிட்டீர், அதனாலே உயிர் பிறக்கவில்லை' என்று யாராவது வாதிடலாம் அல்லவா? ஆகவே அடுத்த முறை நேப்பிள்ஸ் நகரத்து மெல்லிய வலைத்துணியாலே வாயை மூடினார். காற்றுப் புகும், ஈ புகாது. ஈக்கள் துணியின் மேல் வந்து குந்தின. துணியின் மேலேயே புழுக்கள் நெளிந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

நமது பாட்டிமார் ஊறுகாய்ப் பரணிக்கு வேடு கட்டியது இதே காரியம் அல்லாமல் வேறென்ன? ரெடி இதை மறைக்கவில்லை. கோடை காலத்திலே வேட்டைக்காரரும் இறைச்சி விற்பவரும் இறைச்சியைத் துணியால் மூடி வைக்கும் வழக்கத்தைத் தம் நூலிலேயே எடுத்துக் காட்டுகிறார். பிறகு ஹோமரையும் துணைக்கு அழைக்கிறார். இலியட் காவியத்தின் பத்தொன்பதாம் பாகத்திலே, நண்பன் பத்ரோக்ளசின் உடற் காயங்களில் ஈக்கள் புகுந்து புழுக்களைப் பிறப்பித்துவிடுமே என்று அக்கிலீஸ் தன் தாயிடம் கவலைப்படுகிறான். தாய் ஈக்களைத் தான் விரட்டுவதாக வாக்களிக்கிறாள். கவிஞன் கண்ணுக்கு, புழு உடலிலிருந்து பிறக்கவில்லை. ஈ கொண்டுவந்து விட்டது. தத்துவஞானி காணத் தவறியதைக் காவியம் பாடியவனும், கசாப்புக் கடைக்காரனும், பரணிக்கு வேடு கட்டியவளும் தத்தம் வழியில் அறிந்திருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

(ரெடி கையாண்டவை பெரும்பாலும் இறைச்சி ஈக்கள், நம் பழக் கொசு அல்ல. ஆனால் நியதி ஒன்றே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரங்களின் இலையிலும் கிளையிலும் தோன்றும் கழலைகளுக்குள் இருக்கும் பூச்சிகள் மட்டும் மரத்தின் உயிராற்றலாலே பிறக்கின்றன என்று ரெடியும் நம்பினார். முழுவதையும் ஒருவரே கண்டுவிடுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் தாமாகத் தோன்றுவதில்லை என்பதை 1860களில் பிரான்சிலே லூயி பாஸ்டர் நிறுவிய பிறகே வாதம் அடங்கியது.)

இனி நம் கொசுவுக்கு வருவோம். அறிஞர்கள் அதற்குப் பெயர் வைத்தது மிகவும் பிந்தித்தான். சுவீடன் நாட்டவரான பாலன் 1823இல் இந்த இனத்துக்கு 'துரொசொபிலா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியிலே பனித்துளியை நேசிப்பது என்று பொருள். 1830இல் ஜேர்மனியரான மைகன் நம் குசினிக் கொசுவுக்குக் 'கரு வயிறு' என்று பொருள்படும் 'மெலனொகாஸ்ற்றர்' என்பதைச் சேர்த்தார். பனித்துளியை நேசிக்கும் கருவயிறு! குப்பைக் கூடையிலே வசிக்கும் ஒன்றுக்கு இவ்வளவு அழகான பெயர் வேறெங்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை.

இதன் தாயகம் ஆபிரிக்கா. மனித வாசமற்ற காட்டிலே இது என்ன தின்று வாழ்ந்தது என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, சிம்பாப்வேயின் காட்டிலே மரூலா என்னும் மரத்தின் விழுந்த பழங்களில் இதனைக் கண்டது. அதே பிரதேசத்தில் பண்டைய மக்கள் வாழ்ந்த குகைகளிலே மரூலாக் கொட்டைகள் குவிந்து கிடந்தமை முன்னரே தெரிந்த செய்தி. பழத்தைக் குகைக்குச் சுமந்தவன் கொசுவையும் கூடவே சுமந்தான் என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். அப்படியானால் நமக்குக் குசினி என்று ஒன்று உண்டான நாளிலிருந்து அதிலே கொசுவும் உண்டு.

பழத்தோடு கப்பலேறிய கொசு அமெரிக்காவையும் அடைந்தது. அங்கே அதன் வாழ்விலே ஒரு திருப்பம் நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காஸ்ல் அதனை வளர்த்து ஆராய்ந்தார். அவரைத் தொடர்ந்து நியூயோர்க்கிலே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் தோமஸ் ஹண்ட் மோர்கன் அதைக் கையில் எடுத்தார். கொசுவைப் பிடிக்க அங்கே கையாண்ட முறை என்ன? யன்னலோரத்திலே பழத்தை வைத்துக் காத்திருப்பது. நாம் எதைச் செய்யக்கூடாது என்று வீட்டிலே சண்டை பிடிக்கிறோமோ அதையே அவர்கள் வேண்டுமென்று செய்தார்கள்.

பதினாறு அடிக்கு இருபத்துமூன்று அடி அளவான அறை. அதற்குள்ளே எட்டு மேசைகள். பால் போத்தல்களிலே பிசைந்த வாழைப்பழம்; அதன் மேலே கொசுக்கள். 'ஈ அறை' என்பதே அதன் பெயராயிற்று. வாழைப்பழ நாற்றமும் கரப்பான்களும் நிறைந்த அந்த அறையிலேதான் நவீன பரம்பரையியல் வளர்ந்தது. 1910இல் சிவந்த கண் கொசுக்களிடையே வெள்ளைக் கண்ணுடைய ஆண் ஒன்று தென்பட்டது. அதன் பேரப் பிள்ளைகளிலே வெள்ளைக் கண் ஆண்களுக்கு மட்டுமே வந்தது. ஓர் இயல்பு, பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தத்தோடு சேர்ந்து பயணம் செய்கிறது என்பது அதனால் துலங்கியது. போத்தல் கழுவ அமர்த்தப்பட்ட மாணவர் கல்வின் பிரிட்ஜஸ், தடித்த கண்ணாடியூடாகவே ஒரு கொசுவின் கண்ணிறம் மாறியிருப்பதைக் கண்டு சொன்னார் என்பர். ஸ்டர்டெவண்ட் என்ற மாணவர் வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு ஒரே இரவிலே பரம்பரை அலகுகளின் முதற் படத்தை வரைந்தார். அது 1913இல் அச்சேறியது. மோர்கனுக்கு 1933இல் நோபல் பரிசு கிடைத்தது. அதன் பின்னர் 1946, 1995, 2011, 2017 ஆகிய ஆண்டுகளிலும் இந்தக் கொசுவை ஆராய்ந்தவர்களுக்கு அப்பரிசு போயிற்று.

ஏன் கொசு? விடை ஓர் எண்: பத்து. இருபத்தைந்து பாகை வெப்பத்திலே முட்டை இட்டு ஒரு நாளில் குடம்பி வெளிவருகிறது. நாலைந்து நாள் தின்று கொழுத்துக் கூட்டுப்புழுவாகிறது. இன்னும் நாலைந்து நாளிலே ஈயாகப் பறக்கிறது. பத்து நாளுக்கு ஒரு தலைமுறை. ஒரு பெண் கொசு வாழ்நாளிலே சில நூறு முட்டைகள் இடும். மனிதரில் ஆயிரம் ஆண்டு காத்திருந்து காண வேண்டியதை மோர்கன் ஒரே வருடத்திலே கண்டார். நமது குசினியில் நாம் தோற்பதற்கும் அதே பத்துத்தான் காரணம்.

கதையின் இருண்ட பக்கம் சோவியத் நாட்டிலே நிகழ்ந்தது. மோர்கனின் மாணவருள் ஒருவரான ஹெர்மன் முல்லர் 1922இல் மொஸ்கோவுக்குச் சென்றபோது கொசுக் குடுவைகளைத் தம்மோடு கொண்டு சென்றார். அங்கே செத்வெரிகோவ் முதலானோர் காட்டுக் கொசுக்களிலே அரிய ஆய்வுகள் செய்தனர். 1929இல் செத்வெரிகோவ் கைதாகி நாட்டுக்குள்ளேயே தொலைவான இடத்துக்கு அனுப்பப்பட்டார். துரோபிம் லைசென்கோ என்ற விவசாய விஞ்ஞானி, சூழலாலே பெற்ற மாற்றங்கள் பரம்பரையிலும் தொடரும், பரம்பரை அலகு என்பதெல்லாம் முதலாளித்துவக் கற்பனை என்று வாதிட்டு ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார். உலகெங்கும் விதை சேகரித்த நிக்கலாய் வவிலோவ் 1940இல் கைது செய்யப்பட்டு, 1943இல் சரத்தோவ் சிறையிலே மாண்டார். 1948 ஓகஸ்டில் மொஸ்கோவிலே கூடிய விவசாய விஞ்ஞானக் கழகம் லைசென்கோவின் கொள்கையே சரி எனத் தீர்ப்பளித்தது. ஆய்வுகூடங்கள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் பதவி இழந்தனர். கொசுக் குடுவைகள் அழிக்கப்பட்டன. 1949இல் 'ஒகொன்யொக்' என்ற பிரபல வாரப் பத்திரிகை வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, ஈயை நேசிப்பவர் மனிதரை வெறுப்பவர் என்று பொருள்படுவது.

பசித்த நாட்டிலே பசுவை விட்டுக் கொசுவை ஆராய்கிறார்களே என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். நம்மிலும் எத்தனையோ பேர் அப்படிக் கேட்டிருப்போம். ஆனால் அரசாணை போட்டு ஓர் ஈயை ஆய்வுகூடத்திலிருந்து விரட்டலாம். அந்த ஈ காட்டிய உண்மையை விரட்ட இயலாது. லைசென்கோவின் செல்வாக்கு 1965இல் முடிந்தது. அதற்குள் அந்நாட்டின் உயிரியல் ஒரு தலைமுறையை இழந்துவிட்டிருந்தது. கொசுவுக்கு இழப்பு ஏதும் இல்லை. மொஸ்கோவின் குசினிகளிலே அது வழக்கம் போலவே பழத்தைச் சுற்றியிருக்கும்.

அதே 1948ஆம் ஆண்டிலே இன்னொரு காட்சி. டி.டி.ரி. பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இல் கண்டறிந்த சுவிற்சர்லாந்தின் போல் முல்லருக்கு அவ்வாண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. முன் சொன்ன முல்லருக்கும் இவருக்கும் உறவு இல்லை. நம் நாட்டிலும் மலேரியாவை ஒடுக்க டி.டி.ரி. பெரிதும் உதவியதை மூத்தோர் அறிவர். அந்த வெற்றியைக் கண்டு குசினிக்குள்ளும் மருந்தடிக்கும் பழக்கம் பரவியது. கொசு என்ன செய்தது? 2002இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. கொசுவின் பரம்பரைப் பொருளிலே, நஞ்சை உடைக்கும் நொதியம் ஒன்றுக்கு அருகே, ஒரு சிறு துண்டு தற்செயலாகச் செருகப்பட்டது. அதனால் அந்நொதியம் அளவுக்கு மிஞ்சிச் சுரந்தது. கொசு மருந்தைத் தாங்கியது. வியப்பு யாதெனில், ஒரு கொசுவிலே நிகழ்ந்த அந்த மாற்றமே உலகின் பல நாட்டுக் கொசுக்களிடையே பரவியிருந்தது. டி.டி.ரி.யை மட்டுமல்ல, பின்னர் வந்த வேறு சில பூச்சிகொல்லிகளையும் அது தாங்குகிறது. பத்து நாளுக்கு ஒரு தலைமுறை உடைய எதிரியோடு நஞ்சினாலே போர் தொடுப்பவர் இதை நினைவிற் கொள்வது நல்லது. சாப்பிடும் பழத்தின் மேல் அந்த மருந்து படிவது வேறு விடயம்.

ஆகவே ரெடியிடம் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. முட்டை இட இடம் கொடாமை ஒன்றே வழி. கடையிலிருந்து வரும் வாழைச் சீப்பிலே முட்டை ஏற்கெனவே இருக்கக்கூடும். வந்ததும் கழுவித் துடைத்து, மெல்லிய துணியாலே வேடு கட்டி வைத்தால் பாதி வேலை முடிந்தது. வெடித்த பழத்தையும் நசுங்கிய பழத்தையும் தட்டிலே விடக்கூடாது. குடம்பி உண்பது பழத்தை மட்டுமல்ல, பழம் நொதிக்கும்போது அதிலே வளரும் மதுவத்தையும்தான். ஆகவே நொதிக்கும் எதுவும் அதற்குத் தொட்டில்: குடித்துவிட்டு வைத்த பழரசப் போத்தலின் அடி, குப்பைக் கூடையின் ஈரம், நனைந்த துடைக்கும் துணி, பாத்திரம் கழுவும் தொட்டியின் நீர் போகும் குழாய். பழமே இல்லாத வீட்டிலும் கொசு மொய்ப்பதற்குப் பெரும்பாலும் அந்தக் குழாயே காரணம். அதனைத் தும்பால் தேய்த்துக் கொதிநீர் ஊற்ற வேண்டும். பூச்சாடியின் ஈர மண்ணிலிருந்து எழும்பும் மெலிந்த கறுத்த பூச்சி வேறு இனம். அதற்கு மண்ணைக் காய விடுவதே மருந்து.

ஏற்கெனவே பறப்பவற்றுக்கு வினாகிரி. அரிஸ்டோட்டில் கண்ட அந்த உறவு இங்கே உதவுகிறது. ஒரு கோப்பையிலே சிறிது வினாகிரி, அதிலே ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம். வினாகிரியின் வாசம் கொசுவுக்கு நொதிக்கும் பழத்தின் அழைப்பு. சவர்க்காரம் நீரின் மேற்பரப்பு இழுவையைக் குறைப்பதால், குந்த வந்த கொசு நிற்க முடியாமல் அமிழ்கிறது. வினாகிரி மிகக் கடுமையாய் இருக்கக்கூடாது. மென்மையான வாசம் கொசுவை இழுக்கிறது, மிகச் செறிந்த வாசம் விரட்டுகிறது, இரண்டையும் அதன் மூக்கிலே வெவ்வேறு நரம்புகள் உணர்கின்றன என்பதை 2009இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். ஆகவே கொஞ்சம் தண்ணீர் கலந்து கொள்ளலாம். சவர்க்காரம் இல்லாவிட்டால் கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, நுனியிலே சிறு துளை விட்டுப் போத்தலின் வாயிலே செருகிவிடலாம். உள்ளே போன கொசுவுக்கு வெளியே வரும் வழி தெரியாது.

முதல் நாளே கோப்பையிலே இருபது முப்பது கொசுக்கள் மிதக்கும். நாலாம் நாள் ஒன்றும் விழாது. அப்போது கோப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிடுவதுதான் பெரும்பாலானோர் வழக்கம். விழுந்தவை பறந்து திரிந்தவை மட்டுமே. அவை இட்ட முட்டைகள் அந்நேரம் எங்கோ ஓர் ஈர மூலையிலே குடம்பியாகித் தின்று கொண்டிருக்கும். பத்து நாள், முடிந்தால் இன்னும் இரண்டொரு நாள், கோப்பை அங்கேயே இருக்கட்டும்.